மணி இழுத்த வண்டி

இன்று காலை இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையை எடுத்தேன். தோளில் வெள்ளை முடி. உன் மணியுடையதுதான். எத்தனை முறை துவைத்தாலும் போகாது, சனியன்.

மச்சான், ஓநாய் முகமும் நீலக் கண்ணுமாக ஒரு ஹஸ்கி நாய். அதற்குப் போய் மணி என்று பெயர் வைத்தாயே! அடுக்குமாடிக்காரர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது உன்னிடம் விட்டுச் சென்றது. காவலுக்கு ஆகும் என்று நம் பருத்திப்பட்டு ஊரே நம்பியது. அதுவோ குரைக்காமல் ஊளையிட்டது. யார் வந்தாலும் வாலாட்டி உள்ளே கூட்டிப் போனது. உட்கார் என்றால் நின்றது.

"இன்னாடா இது, திருடன் வந்தா டீ போட்டுக் குடுக்கும் போலகீது" என்றேன்.

"உடு மாமே, அதுக்கும் இன்னாவோ ஒரு வேலை கீது. நமக்குத்தான் தெரில" என்றாய்.

அந்த மழையில் ஏரி நிரம்பி, நம் தெருவில் முழங்கால் தண்ணீர். உனக்கு நெஞ்சுவலி. ஆட்டோ எதுவும் உள்ளே வர மறுத்தது. நான் தண்ணீர் கேன் போடும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் உன்னைப் படுக்கவைத்துத் தள்ளினேன். பாதி வழியில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்ட மணியை, கூட வந்த உன் மனைவிதான் பிடித்தாள். "கழுத்துல வேணாண்ணா, மாருல சுத்திக் கட்டு" என்று, உனக்குப் போர்த்தியிருந்த பழைய புடவையை உருவிக் கொடுத்தாள். கட்டி, மறுமுனையை வண்டியில் முடிந்தேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! புடவை இறுகியதும் தலையைத் தாழ்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து இழுத்தது பார். சக்கரம் எழுந்து வந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. அது பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கோ பனிநாட்டில் பாரம் இழுத்த அதன் பாட்டன் பூட்டனெல்லாம் நம் தெருத் தண்ணீரில் இறங்கி வந்த மாதிரி இருந்தது. மெயின் ரோடு வரை அது நிற்கவேயில்லை. நீ பிழைத்தாய்.

உன்மேல் வைத்த பாசம் என்றது ஊர். இருக்கலாம். ஆனால் அதன் முகத்தில் நான் பார்த்தது சந்தோஷம், மச்சான். நாம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அது வேலை கிடைத்த குஷியில் போனது.

போன தை மாதம் நீ போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்களை எல்லாம் மணி வாலாட்டி வரவேற்றது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உன்னைப் பூவால் அலங்கரித்த வண்டியில் ஏற்றினோம். அது ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றது. தலையைத் தாழ்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து, யாராவது கட்டிவிடுவார்கள் என்று காத்திருந்தது.

ஓவென்று அழுதுவிட்டேன். கழுத்துப் பட்டையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினேன். வண்டி நகர்ந்ததும் என்னையும் சேர்த்து இழுத்தது. அந்த இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.