‘ஏகமனதாக’ என்று நான் எழுதிய நாள்

என் கோட்டில் ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. காலையில் லண்டன் டூட்டிங்கில் ஒரு கடையில் நூறு ரோல்ஸ் வாங்கி, பெட்டிகளை மடியில் வைத்தபடி மகனின் காரில் மோர்டனுக்குப் போனேன். நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். தோழி, நீர் இறந்தபின் வந்த முதல் கூட்டம். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உமக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாருக்கு எழுத?

போகும் வழியில் வானொலியில், ஏதோ ஒரு நாட்டில் ஒரு தலைவர் மறுபடியும் வென்றுவிட்ட செய்தி போனது. "அம்மா, இப்பிடியான ஆளுக்கு எப்பிடிச் சனம் வோட் போடுது? விசரோ?" என்று மகன் கேட்டான். மடியில் நூறு ரோல்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல?

நம் தலைவர் வந்த குளிர்காலம் உமக்கு நினைவிருக்கும். வகுப்புகள் நடந்த தேவாலய மண்டபத்தை இனித் தரமாட்டோம் என்றார்கள். பிள்ளைகளின் பாடக் கொப்பிகள் உம்முடைய கராஜில் கிடந்தன. பெற்றோர் நாங்கள் கூடிக் கூடிப் பேசினோம். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை. அப்போதுதான் அவர் வந்தார். கவுன்சிலுக்கு அலைந்தார், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கெஞ்சினார், ஒரு மாதத்தில் இடம் பிடித்தார். உம்முடைய கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஷிப்ட் முடிந்த களைப்போடு உம்மைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவரும் அவர்தான். நல்ல மனிதர். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

முதல் தேர்தலில் இன்னொருவர் பெயரையும் முன்மொழிந்தார்கள். நம்மவர் வழக்கம் தெரியுமே. போட்டி என்றால் பிரிவு, பிரிவு என்றால் வெட்கம். பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஒற்றுமையாப் போவம்" என்றார். மற்றவர் எழுந்து பெருந்தன்மையாக விலகிக்கொண்டார். ஒருவரும் வாக்களிக்காமலே தலைவர் தெரிவானார், நாங்கள் கைதட்டினோம். அடுத்த ஆண்டு, முடிவையெல்லாம் கூட்டத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறீர்களே என்று உபதலைவர் கேட்டார். அவரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, சேவையைப் பாராட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். தான் பதவியில் இல்லை என்பது அவருக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. நிர்வாகசபை வரிசையில் என் பக்கத்தில் இருந்த நீர் என் காதுக்குள், "பொன்னாடையை இறுக்கிப் போத்தினா மூச்சு முட்டுமப்பா" என்றீர். நான் சிரித்தேன். எனக்கு அது பகிடியாகத்தான் பட்டது.

ஒருவர் இரண்டு முறைதான் தலைவராக இருக்கலாம் என்று சங்கத்தின் யாப்புச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அதை நீக்கும் தீர்மானம் நிகழ்ச்சிநிரலில் ‘ஏனைய விடயங்கள்’ என்பதற்குள் ஒதுங்கியிருந்தது. அது எப்போதும் கடைசியில் வருவது. அதற்குள் ரோல்ஸ் பெட்டிகளைத் திறந்துவிடுவார்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போவோம் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். அந்த நேரத்தில் நம்மவர் எதற்கும் கையுயர்த்துவார்கள். அது அவருடைய தந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். நிகழ்ச்சிநிரலை எழுதியது செயலாளரான நான்.

ஆதரித்த கைகள் எழுந்து இறங்கின. எதிர்ப்பவர் உண்டா என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார். நீர் கையை உயர்த்தினீர்.

"அக்கா, வேற ஏதும் கேக்கப் போறியளோ?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"இல்லைத் தம்பி. எதிர்க்கிறன்."

"என்னில ஏதும் கோவமோ?"

"உம்மில ஒரு கோவமும் இல்லை. நாளைக்கு உம்மை வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கு ஒரு வழி இருக்கவேணும். அவ்வளவுதான்."

பிறகு யாரோ, "ஒராள்தானே, விடுங்கோ" என்றார்கள். பெட்டிகள் கைமாறத் தொடங்கின. நான் அறிக்கைப் புத்தகத்தில், ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினேன். ஒற்றைக் கையை எழுதிவைத்தால் உமக்கு அவமானம், அவருக்கு மனவருத்தம், சங்கத்துக்குக் கெட்டபெயர் என்று நினைத்தேன். நல்லெண்ணத்தோடுதான் செய்தேன்.

பஸ்ஸில் நீர் கேட்டீர். "என்ன எழுதினனீர்?"

"ஏகமனதாக எண்டு."

பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக, உம்முடைய அண்ணனைப் பற்றிச் சொன்னீர். யுத்தகாலத்தில் ஊரில் வேறொரு ஆயுத இயக்கத்தில் இருந்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப அனுப்பாதவர்கள், உங்கள் அம்மா கிழமையில் இரண்டு நாள் சோற்றுப் பார்சல் கட்டிக்கொடுத்த மற்ற இயக்கத்துப் பொடியள்.

"அவங்கள் வானத்தாலை குதிச்சு வரேல்லை. எங்கட சோத்தைத் திண்டு, எங்கட கைதட்டலிலதான் வளந்தவங்கள். அண்ணையைக் கொண்டுபோகேக்கையும் ஒழுங்கையில ஆரோ சொன்னவை, ஒராள்தானே, பொறுப்பம் எண்டு."

பள்ளிக்கூடச் சங்கத்தையும் அதையும் ஒன்றாக்கலாமா என்று கேட்டேன். "ஒண்டில்லை. பழக்கம்தான் ஒண்டு" என்றீர். அறிக்கையைத் திருத்தும்படி அதற்குப் பிறகு ஒருநாளும் நீர் கேட்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து பாலர் வகுப்பை எடுத்தீர், எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவந்தீர். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்படியான தலைவர்களும் கட்சிகளும் எப்படி எழும்புகின்றன என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் பொய் என்பார்கள், பயம் என்பார்கள். இருக்கும். நான் கிட்ட நின்று பார்த்தது நன்றியையும் கூச்சத்தையும்தான். நமக்கு நல்லது செய்தவரின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அதற்குள் அவர் இன்னும் ஒரு படி ஏறிவிடுகிறார், ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நாமாகவே இருக்கிறோம். மகனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்றைய தீர்மானம் அவரை ஆயுட்காலத் தலைவராக்குவது. இனித் தலைவர் பதவிக்குத் தேர்தல் இல்லை என்றும் அதில் ஒரு வரி. அவர் கேட்டு வாங்கவில்லை. இளம் பெற்றோர் சிலர் அன்பாகக் கொண்டுவந்தார்கள். கூட்டம் தொடங்கியதும் நான் எழுந்து, பழைய அறிக்கை ஒன்றில் பிழை இருக்கிறது, நான்தான் விட்டேன், திருத்தவேண்டும் என்றேன். உம்முடைய பெயரைச் சொன்னேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. உம்முடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர் அல்லவா.

"போட்டுவிடுங்கோ அக்கா. அவ நேர்மையான மனுசி" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். இறந்தவரின் எதிர்ப்பு யாருக்கும் பாரமில்லை. ‘ஏகமனதாக’ என்பதை வெட்டிவிட்டு, ஒருவர் எதிர்த்தார் என்று உம்முடைய பெயரோடு எழுதினேன். இவ்வளவு இலகுவான வேலையை நீர் இருக்கும்போது செய்யாமல் விட்டேனே.

பிறகு தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர் உண்டா என்று அவர் கேட்டபோது நான் கையை உயர்த்தினேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, நொந்துபோன ஒரு தம்பியின் முகம். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பக்கத்தில் இருந்தவர் தன் போனைப் பார்க்கத் தொடங்கினார். என்னோடு வேறொருவரும் கையுயர்த்தவில்லை. தீர்மானம் நிறைவேறியது, என் எதிர்ப்பை என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

ஆனால் உமக்குச் சொல்லவந்தது அது இல்லை. கையை உயர்த்தியபடி இருந்த அந்தச் சொற்ப நேரத்தில் எனக்கு இன்னொரு கைகூடத் தேவைப்படவில்லை. தெரிந்த முகம் ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்தால் போதும் என்றிருந்தது. அன்று உமக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு முகம் இருந்தது. அது குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.