வாயாடிக்குப் பள்ளிக்கூடம் பார்த்த கதை

மகளுக்கு,

இந்தக் காலத்து ஆட்கள் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் போனிலேயே பார்த்து முடித்துவிடுகிறார்கள். நேற்று நான் அரசாங்கப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கத்தியதற்கு, "நேர்ல போய்ப் பாத்துட்டு கத்துங்கப்பா" என்று கதவைச் சாத்தினாய் அல்லவா? இன்று அங்கே பெற்றோர் வந்து பார்க்கும் நாளாம். காலையிலேயே போய்விட்டு வந்தேன்!

சந்துக்குள்ளே ஆறே வகுப்பறை. மற்றவர்கள் சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகத் தலைமையாசிரியை அம்மாவிடம் போய், "இங்க என்னம்மா குறை?" என்று கேட்டேன்.

"மழை பேஞ்சா மாடி ரூம் ஒழுகும் ஐயா. கணக்கு டீச்சர் லீவு போட்டா நான்தான் பாடம் எடுப்பேன். எனக்குக் கணக்கு சுமார்தான்."

"எம் பேத்தி ஓயாம பேசுவாளே?"

"அனுப்பி வைங்க! இங்க இருக்கறதுங்க வாயைத் திறக்கவே காசு கேக்குதுங்க."

தன் குறையைத் தானே சொல்லும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை! ஆனால் சின்னக் குறையைக் காட்டிப் பெரிய குறையை மறைப்பவர்களும் உண்டு. அதனால் யாரும் எதிர்பார்க்காத சாப்பாட்டு வேளையில் மறுபடியும் போகிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியை மாடி வீட்டில் கொடு.

மறந்துவிட்டேன். சேர்க்கை இன்று மாலையோடு முடிகிறதாம். நான் வர நேரமானால் வாயாடியின் பேரை நீயே கொடுத்துவிடு. நான் ஒத்துக்கொண்டதாக மட்டும் யாரிடமும் சொல்லாதே. எனக்கு இன்னும் சந்தேகம்தான். கிளம்பிவிட்டேன்.

அப்பா