தெற்குச் சுரங்கத்திலிருந்து வந்த ஓசை

மாசி 9, காலை 07:10

நிலையம் சீராக இயங்குகிறது. காற்று, வெப்பம், மின்சாரம் எல்லாம் சரி. வெஸ்டாவின் தரையில் பதித்து வைத்திருக்கும் நில அதிர்வுமானிகள் அனைத்தும் வேலை செய்கின்றன.

இதைப் பின்னால் எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் மரகதவல்லி. சீரிஸ் குடியேற்றத்தின் நில அதிர்வு ஆய்வாளர். வெஸ்டா சிறுகோளைச் சுற்றிவரும் இந்த நிலையத்தில் தனியாக இருக்கிறேன். செவ்வாய் ஒன்றியம் வெஸ்டா மீது போர் தொடுத்திருக்கிறது. செவ்வாய் எங்கள் நட்பு நாடு. எங்களுக்கு மருந்தும் விதையும் அங்கிருந்துதான் வருகின்றன. அவர்களுடைய போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் எங்கள் பனிப்பாளத்திலிருந்து போகிறது. மக்கள் குடியிருக்கும் சுரங்கங்களைத் தாக்கினால் எரிபொருளை நிறுத்துவோம் என்பது ஒப்பந்தம். தாக்கினார்களா என்று தரையின் அதிர்வுகளைக் கேட்டுச் சொல்வது என் வேலை. நாளுக்கு ஓர் அறிக்கை, கீழே என் கையொப்பம்.

இன்றைய அறிக்கை: மீறல் எதுவும் இல்லை.

மாசி 12, பகல் 11:40

வடக்குக் கப்பல்துறை மீது தாக்குதல். அங்கே நின்றவை படைக்கப்பல்கள். மீறல் இல்லை என்று எழுதினேன்.

பிறகு ஞானரட்ணம் அழைத்தார். வெஸ்டாவின் சுரங்கப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். போருக்கு முன்பு பல வருடங்கள் இருவரும் அதிர்வுப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறோம். முகம் பார்த்ததில்லை, குரல் பழக்கம். வெஸ்டாக்காரர்களின் முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். பேச்சு இன்னும் மாறவில்லை.

“தங்கச்சி, கேக்குதோ? வடக்குப் பக்கம் முழுக்க நொறுங்கிப் போச்சு. பிள்ளையளையும் நோயாளியளையும் தெற்குச் சுரங்கத்துக்குக் கொண்டு போறம். அங்க படையும் இல்லை, ஆயுதமும் இல்லை. உங்கட தலைவரிட்டச் சொல்லுங்கோ. அவர் எரிபொருளை நிப்பாட்டினா இவையின்ர கப்பல் எல்லாம் திரும்பிப் போகத்தான் வேணும். வேற ஒருத்தராலயும் ஏலாது.”

சுரங்கத்தின் இடத்தைக் குறித்து சீரிஸுக்கு அனுப்பினேன்.

மாசி 13, காலை 08:30

தலைவர் கோதண்டபாணியிடமிருந்து செய்தி. பனி துளைக்கும் இயந்திரம் ஓட்டியவர், மக்கள் நம்பித் தலைவராக்கினார்கள். நானும் அவருக்குத்தான் வாக்களித்தேன். வானொலிச் செய்தி போய்ச் சேரவே நேரம் பிடிப்பதால் எங்களுக்குள் உரையாடல் கிடையாது. அவர் பேசி அனுப்புவார், நான் பேசி அனுப்புவேன்.

“மரகதம், நீ அனுப்பினத பாத்தேன். சபையில பாதிப் பேர் எரிபொருள உடனே நிறுத்துங்கிறாங்க. மீதிப் பேர் வாயே திறக்கக் கூடாதுங்கிறாங்க. கூட்டாளி தப்பு பண்ணா ஊரைக் கூட்டித் திட்டக் கூடாதும்மா. இன்னும் முறுக்கிக்குவான். தனியா உக்கார வச்சுப் பேசணும். பேசிட்டேன். தெற்குச் சுரங்கத்துல குழந்தைங்க இருக்கு, அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்கன்னு இடத்தையும் குறிச்சுக் குடுத்துட்டேன். சரின்னுட்டாங்க.”

நிதானமான மனிதர். மனம் லேசானது. போர் தொடங்கிய பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மாசி 15, காலை 09:25

தெற்குச் சுரங்கம் தாக்கப்பட்டது. கூர்மையான ஓர் அடி. தொடர்ந்து நீண்ட, மெதுவான சரிவு. அது ஆயுதக் கிடங்கு என்று செவ்வாய் அறிவித்திருக்கிறது.

மாசி 15, மாலை 16:50

இரண்டு அதிர்வுமானிகளில் தட்டும் ஓசை. மூன்று தட்டல், இடைவெளி. மறுபடி மூன்று. சூடேறிய பாறை விரியும்போதும் சத்தம் வரும். ஆனால் பாறை எண்ணித் தட்டாது.

இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சரிவின் இரு பக்கத்திலும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். ‘மீறல்’ என்று எழுதி, கையொப்பமிடும் முன் தலைவருக்கு அனுப்பினேன்.

மாசி 15, மாலை 18:30

“மரகதம், அது மனுஷங்கதான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியுமா உன்னால? பாறை விரிஞ்சாலும் அப்படிக் கேக்கும்னு நீயே சபையில வெளக்கியிருக்க. மருந்துக் கப்பல் பாதி வழியில இருக்கு. நீ மீறல்னு எழுதினா நான் எரிபொருள நிறுத்தணும். நிறுத்தினா அவங்க கப்பலத் திருப்பிடுவாங்க. நம்ம ஆஸ்பத்திரியில கெடக்கிறவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? ‘உறுதிப்படுத்த இயலவில்லை’ன்னு போடு. அது பொய் இல்லையே.”

போட்டேன். கையொப்பமும் போட்டேன்.

அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்ட இங்கே யாரும் இல்லை. எழுதும்போதும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. ஒலியைக் குறைத்துவிட்டு எழுதினேன்.

மாசி 16, காலை 08:05

“தங்கச்சி, எங்கட கருவியள் எல்லாம் உடைஞ்சு போச்சு. உள்ளுக்கை ஆக்கள் தட்டுகினம். எந்தப் பக்கம் எண்டுதான் தெரியேல்ல. உங்களுக்குக் கேக்கும். எங்க தோண்டுறது எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் நேற்றைய அறிக்கை பொய் என்றாகிவிடும். சபையின் அனுமதி இல்லாமல் போரிடும் தரப்புக்குத் தகவல் தரவும் கூடாது. அனுமதி கேட்டு அனுப்பினேன்.

மாசி 16, பகல் 13:00

பதில் இல்லை. மூன்று தட்டல் இரண்டாகிவிட்டது. மறுபடி கேட்டேன்.

மாசி 16, மாலை 17:45

“சண்டையில இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் தகவல் குடுத்தா நம்ம நடுநிலை போயிடும்மா. சபை கூடட்டும். காலையில சொல்றேன்.”

செவ்வாய்க்கு இடத்தைக் குறித்துக் கொடுத்தபோது இந்த நடுநிலை எங்கே போயிருந்தது என்று எழுதினேன். அழித்தேன். ‘சரி சார்’ என்று அனுப்பினேன்.

மாசி 17, காலை 06:20

ஓர் அதிர்வுமானியில் சத்தமே இல்லை. மற்றதில் மட்டும், நெடுநேரத்துக்கு ஒரு தட்டல்.

இடத்தை ஞானரட்ணத்துக்கு அனுப்பிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அனுப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாசி 17, பகல் 15:10

“நன்றி தங்கச்சி. கொஞ்சப் பேரை உயிரோட எடுத்திட்டம். மற்றப் பக்கத்துப் பிள்ளையள்… விடியத்தான் போயிருக்குதுகள். உடம்பில சூடு இருந்தது. நீங்கள் சொல்லாட்டி இதுகளும் இல்லை. நீங்கள் நல்லா இருக்க வேணும்.”

அவர் திட்டியிருக்கலாம். எனக்கு எப்போது தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வாழ்த்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “முந்தாநாள் சாயங்காலமே எனக்குத் தெரியும்ணா” என்று பேசி அனுப்பினேன்.



மாசி 18, பகல் 10:15

கையொப்பத்தைத் திரும்பப் பெற்றேன். ‘மீறல்’ என்று புதிய அறிக்கை எழுதி, ஓசைப் பதிவையும் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி எல்லா அலைவரிசையிலும் அனுப்பினேன்.

சீரிஸின் அறிவிப்பு: “கண்காணிப்பு நிலையத்தின் கருவிகளில் பழுது ஏற்பட்டுள்ளது. அனைத்துத் தரப்பினரும் பொறுமை காக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அதன் பிறகு அதிர்வுமானிகளைத் தொலைவிலிருந்தே ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்கள். எரிபொருள் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நிலையத்தின் இறங்கு ஓடத்தை எடுத்துக்கொண்டு கீழே போகிறேன். இது துணிச்சல் இல்லை. இங்கே என்னோடு நானே இருக்க முடியவில்லை. சீரிஸ்காரி ஒருத்தி கீழே இருக்கிறாள் என்றால் அடிக்கும் முன் ஒருவேளை யோசிப்பார்கள்.

மாசி 20, வெஸ்டா

கைக்கருவியில் எழுதுகிறேன். சுரங்கத்தில் நூற்றுக்கணக்கானோர். காற்றில் புழுதி.

ஞானரட்ணத்தின் முகத்தை முதன்முறையாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட வயதானவர். இடது கையில் கட்டு. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றேன்.

“சாப்பிட்டனீங்களோ?” என்றார்.

தட்டில் கஞ்சி கொடுத்தார்கள். வீணாக்கக் கூடாது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தேன்.

மாசி 21, மாலை

தலைவரின் குரல் இங்குள்ள பொது வானொலியில் வந்தது. எல்லோரும் கேட்டார்கள்.

“மரகதம், என்ன காரியம் பண்ணியிருக்க? எனக்குத் தூக்கமே இல்லம்மா. நாளைக்கு மறுபடி அடிக்கப் போறாங்க. நான் பேசிட்டேன். எந்தச் சுரங்கத்துல இருக்கன்னு மட்டும் சொல்லு. அத விட்டுடச் சொல்றேன். ஒத்துக்கிட்டாங்க.”

மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள். “சொன்னா இதை விட்டிடுவினமோ அக்கா?”

எனக்குத் தலைவரைத் தெரியும். பொய் சொல்லவில்லை. செவ்வாய் கொடுத்த வாக்கை இப்போதும் மனதார நம்புகிறார். எனக்குப் பயமே அதுதான்; தெற்குச் சுரங்கத்தையும் இப்படி நம்பித்தான் குறித்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். பக்கத்துச் சுரங்கங்களிலும் இதே போல மடியில் குழந்தைகளோடு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களை விட்டுவிட்டு எங்கே அடிப்பார்கள்?

ஞானரட்ணத்தைப் பார்த்தேன். அவர் கைவிளக்கின் மின்கலத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாசி 22, காலை

இடத்தின் பெயரை எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அந்தப் பெண் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தரை அதிர்கிறது. தூரத்திலா, கிட்டத்திலா, தெரியவில்லை. என்னிடம் கருவி இல்லை.

மறுபடி வானொலியில் தலைவர். “எங்கம்மா இருக்க? சீக்கிரம் சொல்லு. நேரம் இல்ல.”

குழந்தைகளைச் சுவரோரமாக இழுக்கிறார்கள். விளக்கு அணைந்துவிட்டது. நான் இன்னும் அனுப்பவில்லை.

சொன்னால்