காற்றைப் போல ஓடிய மான்

எதிர்வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த தாள் ஒன்றை இன்று காலை என் மேசைமேல் வைத்து, "ஆன்ட்டி, இதுல எது கம்மி வேகம், எது ரொம்ப வேகம்னு வரிசையா நம்பர் போடணுமாம்" என்றாள். பார்த்தேன். இன் எ ஹர்ரி, லைக் தி விண்ட், லைக் எ ஷாட், லைக் லைட்னிங். நீயும் நானும் வரிசை போட்ட நாலும் அப்படியே இருந்தன. "உனக்குத் தெரியாதா? நீயே போட்டுக்கோ" என்று எரிந்து விழுந்தேன். குழந்தை தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் மேல் எனக்கு என்ன கோபம்? நாற்பது வருஷமாக எனக்கு என் மேல்தான் கோபம்.

இந்த வரிசையை முதலில் போட்டவர்கள் நாம்தான். கல்லூரி விட்டு சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்கும்போது, வேகத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல் என்று எண்ணிக்கொண்டிருப்போம். துப்பாக்கிக் குண்டு பெரிதா மின்னல் பெரிதா என்று ஒரு வாரம் சண்டை. "குண்டு வந்தா குனிஞ்சுக்கலாம்டி. மின்னலுக்கு எங்க ஒதுங்குவே?" என்று நீதான் முடித்துவைத்தாய். அந்த வருஷம் நீ ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தாய். நான் ஃபெயில். அது பின்னால் நமக்கு உதவும் என்று யார் கண்டார்கள்?

உன்னை ஸ்ரீரங்கத்தில் கொடுத்தார்கள். அம்மாமண்டபம் சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிர்வீடு. உன் புருஷனுக்கு காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. கல்யாணமான மூன்றாம் மாதம் நான் வந்தபோது உன் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. "வழுக்கிட்டேன்" என்றாய். அடுத்த முறை முழங்கையில் தோசைக்கரண்டியால் சுட்ட தழும்பு. அதற்குப் பொய் சொல்ல உனக்கு வரவில்லை. குழம்பில் உப்பு குறைந்தாலும் அடி, வாசலில் நின்றாலும் அடி. உன் அப்பாவோ, அனுசரித்துப் போ என்று இரண்டு முறை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

வெளியாள் முன்னால் மட்டும் அந்த ஆள் கை ஓங்கமாட்டான். அதனால் நான் வந்து கூடத்தில் உட்கார்ந்தால் போதும், அன்றைக்கு நீ தப்பித்தாய். உன்னை வெளியே விடமாட்டான், கடிதங்களைக் கிழித்துப்போடுவான். அப்போதுதான் நீ அந்த வழியைக் கண்டுபிடித்தாய். ஃபெயிலான தோழி மறுபடி பரீட்சை எழுதுகிறாள், அவளுக்குப் பாடம் எழுதி அனுப்புகிறேன் என்று அவனிடம் அனுமதி வாங்கினாய். துண்டுச் சீட்டில் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். அவன் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு உன்னிடமே வீசுவான். எதிர் நிறுத்தத்து டவுன் பஸ் கண்டக்டர் அண்ணன் அதை வாங்கி வந்து சத்திரத்தில் நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்துவிட்டுப் போவார்.

நம் வரிசைதான் கணக்கு. ஹர்ரி என்றால் ஏச்சுப்பேச்சு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். காற்று என்றால் கை நீட்டிவிட்டான், சாயங்காலம் வா. குண்டு என்றால் கையில் எதையோ எடுத்துவிட்டான், அரைநாள் லீவு போடு. மின்னல் என்றால் உயிருக்கு ஆபத்து, போட்டது போட்டபடி எழுந்து வா.

மின்னல் ஒரு முறைதான் வந்தது. முதலாளி கத்தக் கத்த எழுந்து ஓடி வந்தேன். வந்து பார்த்தால் அவன் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நீ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை வழியனுப்ப நீ கேட் வரை வந்தபோது, "இதுக்கா லைட்னிங்?" என்றேன்.

"காலையிலேருந்து ரெண்டு தடவை அரிவாள்மனைய தூக்கிட்டாருடி. நீ கேட்டைத் திறந்த சத்தம் கேட்டுதான் வச்சுட்டு இலைல உக்காந்தாரு."

"எனக்கு வேலை போயிடும்டி. நெசமாவே மின்னலா இருந்தா மட்டும் எழுது."

"சரிடி. இனிமே பாத்து எழுதறேன்" என்றாய்.

நான் உன்னை நம்பவில்லை. உன் கழுத்தில் கோடாக ஒரு கீறல் இருந்ததைப் பார்த்தும் நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, காலை பதினோரு மணிக்குச் சீட்டு வந்தது. மான் காற்றைப் போல ஓடுகிறது. லைக் தி விண்ட். சாயங்காலம்தானே என்று மடித்து இழுப்பறையில் வைத்தேன். வக்கீல் ஒருவருக்கு இருபது பக்கம் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தவறில்லாமல் அடித்து முடித்து, காபி குடித்து, பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் காற்று நன்றாக இருந்தது என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது.

உன் வீட்டு வாசலில் கூட்டம். கூடத்தில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் கலந்து ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டவ் முழுசாக, துடைத்துவைத்தது போல இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் வாழையிலையின் மேல் கிடந்தாய். முகத்தில் கண் மட்டும் நீயாக இருந்தது. வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வருவதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது. அதற்கு முன்னால் என்னிடம் பேசினாய். நான் அழுததைப் பார்த்து, என்னைத் தேற்றுவதற்காகப் பேசினாய்.

"சாயங்காலம்னுதானே எழுதினேன். நீ சரியாத்தான் வந்தே."

மூன்றாம் நாள் போய்விட்டாய்.

சீட்டுகள் எல்லாவற்றையும் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன். வரிசையை விளக்கினேன். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். "மான் ஓடுது, முயல் ஓடுது. இங்கிலீஷ் பாடம்மா இது. இதுல அடி எங்கம்மா இருக்கு?" என்று திருப்பித் தந்தார். அவன் கண்ணில் மண்ணைத் தூவ எழுதியது ஊர்க் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டது. அவன் அடுத்த வருஷமே மறுகல்யாணம் செய்துகொண்டான். அவன் செத்தபோது நான் பாயசம் வைத்துச் சாப்பிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இதுவரை எழுதியிருந்தபோது வாசலில் அந்தப் பெண் மறுபடி வந்து நின்றாள். காலையில் திட்டியதால் உள்ளே வரவில்லை. "அம்மா உங்கள வரச் சொன்னாங்க ஆன்ட்டி. அவசரமில்லையாம், மெதுவா வந்தா போதுமாம்" என்றாள்.

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், கொதிக்கும் தார் ரோட்டில். அவள் அம்மா அடுப்படியில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊறுகாய்க்கு எவ்வளவு வெந்தயம் என்று கேட்க வேண்டுமாம். "ஏங்க இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றீங்க? மெதுவான்னுதானே சொல்லிவிட்டேன்" என்றாள். அவள் கையைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

இந்த எடமலைப்பட்டி புதூரில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். யார் கூப்பிட்டாலும் இப்படித்தான் ஓடுகிறேன், எல்லா முறையும் ஊறுகாயாகத்தான் இருக்கிறது. நான் சொன்னேன் என்று நீ மின்னலை இரண்டு படி குறைத்து எழுதினாய். அதனால் யார் மெதுவாக வா என்றாலும் எனக்கு அது மின்னல்தான்.