தேதி எழுதிய ஃபில்டர்

அன்னவாசல்
3.2.2026

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இருக்கிறோம் என்று எழுதினேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், தைலம் தேய்க்கிறாள், என்னைத் திட்டுகிறாள், மறுபடி தேய்க்கிறாள். கடலை இந்த வருஷம் சுமார்தான். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், நான் பாதியை விழுங்க வேண்டும். வீரய்யா மகன் துபாய்க்குத் திரும்புகிறான், ஊறுகாயோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முந்தாநாள் கேட்டாயே, "நல்ல வண்டியாப் பாத்து சீர் குடுத்திருக்கக் கூடாதாப்பா" என்று. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன் பெற்ற மகளுக்கு ஓட்டைக் காரைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று இலுப்பூரில் உன் மாமியார் வீட்டில் பேசுகிறார்கள், பேசட்டும். நீயும் பேசலாமா? பழைய வண்டிதான், நான் ஒளிக்கவில்லை. ஆனால் உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதற்கு அடியில் படுத்து ஆயில் மாற்றி, புது ஆயில் ஃபில்டர் போட்டுக் கொடுத்தவன் நான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்று மாப்பிள்ளையின் அண்ணன் குணசேகரனிடம் சொல்லியும் கொடுத்தேன். நீங்கள் துபாய் போனதிலிருந்து வண்டி அவர் கையில்தானே. வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவிச் சந்தனம் வைப்பார், எலுமிச்சம்பழம் கட்டுவார், பானெட்டை மட்டும் திறக்கமாட்டார்.

போன வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் என்ஜினில் டக்டக் என்று சத்தம், சும்மா நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கி மினுக்கி அணைகிறது. ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தால் தார் மாதிரி கறுப்பு, நறநறவென்று இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வடிகட்டாத அழுக்கு ஆயில்தானே என்ஜினுக்குள் சுற்றும். "தம்பி, இன்னைக்கே ஃபில்டர மாத்திருங்க" என்றேன். நாலு பேர் முன்னால் அவர் சிரித்துக்கொண்டே, "குடுத்த வண்டிய இன்னமும் ஒங்க வண்டின்னே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா மாமா" என்றார். பெண்ணைக் கொடுத்தவன் அதற்கு மேல் என்ன பேசுவது, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மனசு கேட்காமல் உனக்குப் போன் போட்டேன். "ஒங்க டிப்போ வேலைய அங்கிட்டுப் போயிக் காட்டாதீங்கப்பா, பேச்சு வாங்குறது நானு" என்றாய். சரியென்று வாயை மூடினேன். ஆடிக்குப் போனபோது சத்தம் கூடியிருந்தது, காதில் விழாத மாதிரி காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், கொடும்பாளூருக்குக் கொஞ்சம் முன்னால், என்ஜின் ஜாம் ஆகி வண்டி நின்றுவிட்டது. கட்டி இழுத்து இலுப்பூரில் நிலவழகன் பட்டறையில் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். "வந்து பாருங்க நீங்க குடுத்த சீர" என்றார் உன் மாமியார். போனேன். கீழே படுத்து ஃபில்டரைக் கழற்றியதும் நான்தான். பழைய துணியால் அழுக்கைத் துடைத்தேன், வெள்ளை பெயிண்டில் நம்பர் தெரிந்தது, 8.6.22. எந்த ஃபில்டர் போட்டாலும் மாட்டிய தேதியை அதன் மேல் எழுதுவது என் டிப்போ பழக்கம். உன் கல்யாணத்துக்கு நான் மாட்டிய அதே ஃபில்டர், ஆத்தா. மூன்றரை வருஷமாக ஒருத்தரும் தொடவில்லை. நிலவழகன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குணசேகரனும் உன் மாமனாரும் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள், கையை நீட்டிக் காட்டினால் போதும். நான் கட்டைவிரலால் தேதியை மூடிக்கொண்டு, "ஆமா தம்பி, பழைய வண்டிதானே, நானே செஞ்சு குடுத்துர்றேன்" என்றேன். அன்றைக்கு அவர்கள் தலைகுனிந்தால் மறுநாள் அதற்குப் பதில் சொல்வது நீதானே. உனக்காகப் பழியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நீயே போன் போட்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறாய்.

அங்கே நீ ஓட்டும் காரையாவது கவனி. மாதம் ஒரு தடவை ஆயில் குச்சியை உருவிப் பார். அதிகம் ஓடவில்லையே என்று விடாதே, வருஷம் ஆனால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் வீடு வரைக்கும் போய்விடலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரமாக நிறுத்து. மாப்பிள்ளையிடம் இதைக் காட்ட வேண்டாம், அவருக்கு அண்ணன் மேல் மரியாதை, அது அப்படியே இருக்கட்டும். எனக்குக் கோபம் உண்டு, அதற்காக உன்னை வாழ்த்தாமல் இருக்க முடியுமா, குலதெய்வம் உங்கள் இருவரையும் கூடவே இருந்து காக்கட்டும். அந்த ஃபில்டரை நான் எறியவில்லை, கழுவவும் இல்லை, பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். லீவில் வரும்போது எடுத்துப் பார். அது யார் கையெழுத்து என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆவுடையப்பன்