முதல்ல சைலன்சரை மாத்துங்க

மாமா,

சோறு உறியில இருக்கு. நெத்திலிக் கொழம்பை மூடி வைங்க, பூனை சுத்துது. நான் வடக்குவெளி நடவுக்குப் போறேன்.

நீடாமங்கலத்துலேருந்து மெக்கானிக் ஜெகபர் அலி பாய் வருவார். ஏர்ஹாரன், புலித்தோல் சீட்டு உறை எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல சைலன்சரை மாத்தச் சொல்லுங்க.

ஏன்னு நேத்து கேட்டீங்க, நான் பாத்திரத்தை உருட்டுனேன். வாயால சொன்னா சண்டை வரும்னு எழுதுறேன். பண்ணையார்கிட்ட அவரோட பழைய மோட்டார் சைக்கிளை வாங்குனீங்க, சரி. அந்தச் சத்தமும் கூடவே வந்துருச்சே! நேத்து வாய்க்கால் கரையில நீங்க வந்தப்ப, வரப்புல வெத்தலை போட்டுக்கிட்டிருந்த நாங்க அத்தனை பேரும் "ஐயா வர்றாரு"ன்னு சேத்துல குதிச்சுட்டோம். ராசம்மா வெத்தலையை முழுங்கிட்டா. கூலிச் சண்டையில அவருக்கு எதிரா கொடி புடிச்ச நானே குனிஞ்சுட்டேன். நிமிந்து பாத்தா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நீங்க! "என்னடி அம்சம், புருசனுக்கே இம்புட்டுப் பயமா?"ன்னு வயலே சிரிச்சுது.

அவருக்குக் குனிஞ்சதே போதும் மாமா. ஒங்களுக்கும் குனியணுமா?

சத்தம் மாறுனா சாயங்காலம் கரைக்கு வாங்க. எல்லாரும் பாக்கப் பின்னால ஏறி வர்றேன்.

அம்சம்

பாய்க்கு டீ போட்டுக் குடுங்க. நடவு நட்டதைவிட எழுதுனதுலதான் கை வலிக்குது.

இன்னொண்ணு. கண்ணாடி ஒங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

வேற சைலன்சர் கெடைக்கலேன்னா இஞ்சினை அணைச்சுட்டுத் தள்ளிக்கிட்டே வாங்க. நானும் ஒரு கை தள்ளுறேன்.