இரண்டு பக்கத்துப் பயம்

காய வைத்த புகையிலையின் காட்டம் இன்று காலை ஜன்னலால் வந்தது. நான் இப்போது சண்டிலிப்பாயில், அம்மா வீட்டில் இருக்கிறேன். வயிற்றில் ஆறு மாதம். நீ முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று இதே காட்டத்துக்கு ஏழு தரம் தும்மினாய். அம்மா எண்ணி எண்ணிச் சிரித்தார். அதற்குப் பிறகு அன்று வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பக்கத்தில் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டில் நீயும் நானும் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். உன் அம்மா கொடிகாமத்துத் தமிழ், உன் அப்பா குருநாகல் சிங்களவர். வவுனியாவில் வளர்ந்த உன்னைப் பற்றி இவ்வளவும் அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்களோடு படித்த மாத்தறைச் சிங்களப் பொடியன் நுவனை நான் விரும்புவது உனக்கு மட்டும்தான் தெரியும். தேத்தண்ணிக் கடையில் நானும் அவனும் இருந்தால், நீ வந்து நடுவில் உட்காருவாய். பார்ப்பவர்களுக்கு மூன்று கூட்டாளிகளாகத் தெரியட்டும் என்று.

அப்பா வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவருவார். அந்த நாட்களில் பலாலி வீதியில் சைக்கிளில் வரும் நரைத்த தலையெல்லாம் அப்பாவாகத் தெரியும். நுவன் பக்கத்தில் வந்தால் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேறு யாரோபோல நடப்பேன். அவன் தானாகவே பின்தங்கிவிடுவான். நீதான் முறைப்பாய்.

ஒருநாள் உன்னிடம் கேட்டேன், சின்ன வயதில் எப்படி இருந்தது என்று. உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாய்:

"குருநாகலுக்குப் போகேக்கை அம்மா பஸ்ஸிலையே பொட்டை அழிப்பா. கொடிகாமத்திலை இறங்கினா அப்பா வாயைத் திறக்க மாட்டார், அவரின்ரை தமிழ் காட்டிக் குடுத்திடும் எண்டு. நான் ரெண்டையும் செய்யவேணும்."

எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி நான் முதல்முதலாகப் பயந்தது அப்போதுதான். கல்யாணப் பேச்சே இல்லாத காலத்தில்.

நீ தும்மிய அன்று உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தது நான் துணிவதற்காக. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நுவனைப் பற்றிச் சொல்வேன், நீ பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தோம். கத்தரிக்காய்ப் பால்கறியை நீ இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாய். அம்மாவுக்கு உன்னைப் பிடித்துப்போயிற்று. கனடாவில் இருக்கும் என் அண்ணைக்கு உன்னைப் பேசலாம் என்று நினைத்துத்தான், "உங்கடை ஆக்கள் எவடம் பிள்ளை?" என்று விசாரித்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் சோற்றைப் பிசைந்தேன். நான் தொடங்கமாட்டேன் என்று உனக்கு விளங்கிவிட்டது.

"அம்மா கொடிகாமம், அன்ரி. அப்பா சிங்களவர்."

அகப்பை சட்டிக்குள் அப்படியே நின்றது. அம்மா மரியாதையாகக் கேட்டார்: "எங்கடை கறி உமக்கு உறைக்குதோ?" பிறகு, "தமிழ் நல்லாக் கதைக்கிறீர்" என்றார். இரண்டு மணித்தியாலமாக உன்னோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தவர்.

அப்பா மட்டும் உன் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உம்மடை அம்மாவை அவவின்ரை ஆக்கள் பிறகு சேர்த்தவையோ?"

"பன்னிரண்டு வருசம் படலை வாசலடிக்கும் விடேல்லை, அங்கிள். தாத்தா படுக்கையிலை விழுந்த பிறகுதான் கூப்பிட்டவை."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நீ அவசரப்படவில்லை. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டாய். எனக்காக உன்னையே முன்னால் தள்ளினாய். நுவனின் பெயரை நான் எடுக்கவே இல்லை. பஸ்ஸில், "தமிழ் நல்லாக் கதைக்கிறனாம் எடி" என்று சிரிக்கத் தொடங்கினாய். மருதனார்மடம் வருமுன் அழுதுகொண்டிருந்தாய்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு டெங்குக் காய்ச்சல். நான்கே நாள். வவுனியாவில் உன் செத்தவீட்டில் கொடிகாமத்துச் சனம் ஒரு பக்கமும் குருநாகல் சனம் மறுபக்கமும் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நிலத்தில் உட்கார்ந்து உன் அப்பா, "என்ரை மகள், என்ரை மகள்" என்று தமிழில் அழுதார். குரலை அடக்கவே இல்லை.

அங்கிருந்து திரும்பி நான் திருநெல்வேலிக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அறைக்குள் போனார். கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளை அண்டைக்கு உனக்காகத்தானே வந்தது?"

"ஓம் அப்பா."

"எனக்கு அண்டைக்கே விளங்கினது." வாளித் தண்ணீர் முடியும்வரை கழுவினார். "எனக்குக் கோவம் இல்லைப் பிள்ளை. பயமாக் கிடக்கு. நாளைக்கு ஏதும் நடந்தால் எந்தப் பக்கம் உன்னைத் தங்கடை ஆள் எண்டு காப்பாத்தும்?"

சண்டைக் காலத்தில் மூன்று தரம் வீட்டை விட்டு ஓடிய மனிதர் கேட்கிறார். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"பன்னிரண்டு வருசம் எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. என்னாலை அது ஏலாது. பொடியனை வரச்சொல்லு."

பதிவுத் திருமணத்தில் அப்பா சாட்சிக் கையெழுத்து வைத்தார். அம்மா வரவில்லை. இப்போது நுவனோடு கதைக்கிறார், காது கேளாதவரோடு கதைப்பதுபோல மெதுவாக, உரத்து. பெரியப்பா வீட்டார் இன்னும் எங்கள் படலை திறக்கவில்லை.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். போன மாதம் மாத்தறை பஸ்ஸில், யாரும் சொல்லாமலே என் விரல் பொட்டுக்குப் போயிற்று. இங்கே தன் தாயோடு போனில் சிங்களத்தில் கதைக்கும்போது நுவன் குரலைத் தாழ்த்துகிறான். இதையெல்லாம் பிள்ளை பார்த்துப் பழகும். எங்கே பொட்டை அழிப்பது, எங்கே வாயை மூடுவது என்று அதுவும் கணக்குப் பார்க்கும்.

உன்னுடைய துணிவு எனக்கு வரவில்லை. அன்று சொன்ன பிறகும் நீ எழும்பி ஓடாமல் இருந்தாயே, அதை மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று கிளினிக்கில் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத அக்கா ஒருவர் கேட்டார்: "தங்கச்சி, உம்மடை அவர் எவடம்?"

"கொழும்புப் பக்கம்" என்பது நாக்கு நுனியில் இருந்தது. பலபேருக்கு அப்படித்தான் சொல்லித் தப்பியிருக்கிறேன்.

"மாத்தறை, அக்கா. சிங்களவர்."

அவர் தன் பையை இழுத்து மடியில் வைத்தார். எனக்கு இடம் விட்டாரா, விலகினாரா, தெரியவில்லை. கேட்கவும் பயம். என் பெயரைக் கூப்பிடும்வரை எழும்பிப் போகாமல் அந்த வாங்கிலேயே இருந்தேன்.